ஐந்நூற்றுப் பதினான்கு என்னும் குற்றம்

பிளஸ் டூவில் 600க்கு 514 மதிப்பெண் வாங்குவது குற்றம் என்று தமிழ்நாட்டின் எந்தச் சட்டத்திலும் எழுதவில்லை. தண்டனை மட்டும் உண்டு.

590 வாங்கியவனைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம். அவன் படத்தை ஃபிளெக்ஸில் போட்டே பள்ளிக்கூடம் அடுத்த வருஷத்து அட்மிஷனை முடித்துக்கொள்ளும். மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தை அரசு 2017லேயே நிறுத்திவிட்டது. அந்தச் செய்தி இன்னும் ஃபிளெக்ஸ் கடைக்கு வந்து சேரவில்லை. தேறாதவனுக்கும் ஒரு வழி இருக்கிறது. துணைத் தேர்வு இருக்கிறது, திருப்பூர் இருக்கிறது, சிங்கப்பூரில் ஒன்றுவிட்ட மாமா இருக்கிறார். நடுவில் நிற்கிறான் பாருங்கள் எங்கள் திருவிடைமருதூர்ப் பையன், அவனைத்தான் ஊரே கூடித் துக்கம் விசாரிக்கிறது. தமிழ் 91, ஆங்கிலம் 83, கணக்கு 84, இயற்பியல் 82, வேதியியல் 86, கம்ப்யூட்டர் சயின்ஸ் 88. நூற்றுக்கு எண்பத்தைந்துக்கு மேல். வேறு எந்த ஊரிலாவது இதற்கு இனிப்பு வாங்கியிருப்பார்கள்.

"எவ்ளோப்பா?"

"ஐந்நூத்திப் பதினாலு மாமா."

"ம்... சரி விடு, நடந்தது நடந்துபோச்சு."

கேட்ட மாமா எஸ்.எஸ்.எல்.சி.யில் 500க்கு 241. கேட்டால், அந்தக் காலத்து 241 இந்தக் காலத்து 480க்குச் சமம் என்பார். அந்தக் காலத்தில் அரிசிக்கும் ருசி அதிகம், மார்க்குக்கும் எடை அதிகம்.

காலை ஒன்பதரைக்கு ரிசல்ட். பதினொரு மணிக்குள் அம்மாவின் செல்லுக்கு நாலு கல்லூரியிலிருந்து கூப்பிட்டாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் மட்டும் கொடுத்த நம்பர் அவர்களுக்கு எப்படிப் போனது என்று அசட்டுத்தனமாகக் கேட்காதீர்கள். நெல் விற்பனைக்கு வருவதற்கு முன்பே வியாபாரிக்குத் தெரிந்துவிடும் ஊர் இது. மறுநாள் சாயந்திரம், தெற்கு வீதி வீட்டுத் திண்ணையில் ஒரு 'கல்வி ஆலோசகர்' உட்கார்ந்திருக்கிறார். சட்டைப் பையில் மூன்று பேனா, மடியில் பளபளக்கும் கோப்பு. அதைத் திறந்தால் முதல் பக்கத்தில் நீச்சல் குளம், இரண்டாம் பக்கத்தில் விமானம் ஒன்று, மூன்றாம் பக்கத்தில் கோட்டுப் போட்ட பிள்ளைகள் மேலே தொப்பியை வீசுகிறார்கள். வகுப்பறை எந்தப் பக்கத்திலும் இல்லை.

"கட்-ஆஃப் எவ்வளவுக்கா?"

கணக்கு 84, இயற்பியலில் பாதி 41, வேதியியலில் பாதி 43. "நூத்தி அறுபத்தெட்டு" என்கிறாள் அம்மா, குரலைத் தாழ்த்தி. ஏதோ வீட்டு விஷயத்தைச் சொல்வதுபோல.

அவர் உச்சுக்கொட்டுகிறார். அந்த உச்சுக்கொட்டலுக்கே தனியாகப் பயிற்சி கொடுத்து அனுப்புவார்கள்போல. "கவுன்சலிங்கை நம்புனா தம்பி லைஃப் போயிரும்க்கா. நம்ம காலேஜ்ல ஏ.ஐ. அண்ட் டேட்டா சயின்ஸ்ல ஒரு சீட்டைத் தம்பிக்குன்னு பிடிச்சி வெச்சிருக்கேன். இப்போதைக்குப் பத்தாயிரம் கட்டுங்க போதும். பஸ் வாசல்ல வந்து நிக்கும். டி.சி.யும் மார்க் ஷீட்டும் கைக்கு வந்ததும் ஒரிஜினலை எங்கிட்ட குடுத்துருங்க, பத்திரமா இருக்கும்."

பத்திரமாகத்தான் இருக்கும். பையனே போய்க் கெஞ்சினாலும் திரும்பி வராத அளவுக்குப் பத்திரமாக இருக்கும். மாணவனின் அசல் சான்றிதழ்களை எந்தக் கல்லூரியும் பிடித்துவைத்துக்கொள்ளக் கூடாது, விலகினால் கட்டணத்தை விதிப்படி திருப்பித் தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018ல் அறிவிப்பே வெளியிட்டது. அந்த அறிவிப்பைக் கோப்பின் நீச்சல் குளத்துக்கு அடியில் எங்கோ வைத்திருக்கிறார்கள்.

இந்தத் திண்ணையில் உட்கார்ந்து அவர் சொல்லாத விஷயங்களுக்குத்தான் எனக்குக் கோபம். தமிழ்நாட்டில் நானூறுக்கும் மேற்பட்ட பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. ஒவ்வொரு வருஷமும் கவுன்சலிங் முடியும்போது பல்லாயிரம் இடங்கள் ஆள் இல்லாமல் காற்று வாங்குகின்றன. 168க்குச் சீட் கிடைக்காமல் போவதற்கு வழியே இல்லை. கிடைக்குமா என்பது கேள்வியே அல்ல. கிடைப்பதில் எது உருப்படி என்பதுதான் கேள்வி. 590காரனுக்கு எல்லாக் கல்லூரியும் இலவசம் தரத் தயார், அவனால் லாபமில்லை. தட்டுத்தடுமாறித் தேறியவனைச் சேர்த்தால் மூன்றாம் செமஸ்டரில் நின்றுவிடுவான், அதிலும் லாபமில்லை. நாலு வருஷமும் ஒழுங்காக வந்து, ஒழுங்காகப் பரீட்சை எழுதி, ஒழுங்காகக் கட்டணம் கட்டப்போகிறவன் இந்த 514தான். அவனுக்குத் தன் மார்க் மீது சந்தேகம் வர வேண்டும். அவன் அம்மாவுக்குப் பயம் வர வேண்டும். அப்போதுதான் அந்தக் கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிக்க முடியும்.

இன்னொன்றையும் அவர் சொல்லமாட்டார். கவுன்சலிங்கில் போகாமல் மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்த நிமிஷமே, வீட்டின் முதல் பட்டதாரிக்கு அரசு 2010லிருந்து கொடுத்துவரும் கட்டணச் சலுகை போய்விடும். ஒரு குடும்பத்தில் முதல் முறையாக ஒருவன் கல்லூரிப் படி ஏறுகிறான் என்று அரசு கொடுக்கும் பணம் அது. அதைப் பிடுங்கித் தூர எறிந்துவிட்டு, "உங்க நல்லதுக்குத்தான்க்கா சொல்றேன்" என்று நம் வீட்டுக் காப்பியையும் குடித்துவிட்டுப் போகிறார்.

அவர் வாயில் வராத ஊர்ப் பெயர்களைக் கவனியுங்கள். தஞ்சாவூர்ப் பக்கத்துச் செங்கிப்பட்டியில் அரசுப் பொறியியல் கல்லூரி இருக்கிறது. பட்டுக்கோட்டை, திருக்குவளை, அரியலூர், இங்கெல்லாம் அண்ணா பல்கலைக்கழகமே நேராக நடத்தும் உறுப்புக் கல்லூரிகள் இருக்கின்றன. பாடப்பிரிவையும் இட ஒதுக்கீட்டு வகுப்பையும் பொறுத்து நம் பையன் எட்டிப்பார்க்கக்கூடிய இடங்கள்தான். இவற்றின் பெயரை எந்த ஆலோசகராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? கேட்டிருக்க முடியாது. ஆள் பிடித்துக் கொடுத்தால் தலைக்கு இவ்வளவு என்று அரசு கமிஷன் தருவதில்லை. தமிழ்நாட்டில் கமிஷன் இல்லாத கல்லூரிக்கு வாயும் இல்லை, பேரும் இல்லை. பள்ளிக்கூட வாத்தியார் முதல் டி.டி.பி. சென்டர்க்காரர் வரை எல்லோரும் ஒரே கல்லூரியை "பரவால்லங்க, நல்லாருக்குன்னு சொல்றாங்க" என்று சொல்கிறார்களே, அந்த 'சொல்றாங்க' யார் என்று ஒருநாள் விசாரித்துப் பாருங்கள். சொன்னவருக்கே சொன்னதற்குக் கூலி வந்திருக்கும்.

சரி, பணத்துக்கு வருவோம். அரசு ஒதுக்கீட்டு இடத்துக்குச் சுயநிதிக் கல்லூரிகள் வாங்கலாம் என்று கட்டணக் குழு 2017ல் நிர்ணயித்தது வருஷத்துக்கு 50,000 ரூபாய். தரச்சான்று பெற்ற பாடப்பிரிவென்றால் 55,000. இது ரசீது போடும் பணம். பஸ், மெஸ், யூனிஃபார்ம், 'டெவலப்மென்ட்', 'ட்ரெயினிங்' எல்லாம் தனி. இந்த 55,000ஐ எங்கள் ஊர்க் கணக்கில் பார்க்கிறேன். 2025-26 கொள்முதல் பருவத்தில் சாதாரண ரக நெல்லுக்கு மாநில ஊக்கத்தொகையும் சேர்த்துக் குவிண்டால் 2,500 ரூபாய். அப்படியானால் 22 குவிண்டால். நாற்பது கிலோ மூட்டையில் ஐம்பத்தைந்து மூட்டை. மூன்று மா நிலத்தில், அதாவது ஒரு ஏக்கரில், மழையும் பூச்சியும் கருணை காட்டினால் கிடைக்கும் முழு விளைச்சல் அது. உழவுக்கூலி, உரம், அறுவடை மிஷின் வாடகை எதையும் கழிக்காமல். அதையும் எந்த மாதத்தில் கட்டச் சொல்கிறார்கள் தெரியுமா? ஆகஸ்டில். குறுவை வயலில் நிற்கும், சம்பாவுக்கு நாற்றங்கால் விட வேண்டும், வீட்டின் கடைசிக் குண்டுமணித் தங்கமும் கூட்டுறவு வங்கிப் பெட்டகத்தில் இருக்கும். மேட்டூரை ஜூன் 12ல் திறப்பார்களா என்று விவசாயி ஒரு பக்கம் பார்த்துக்கொண்டிருக்க, கல்லூரி தன் மதகைச் சரியாகத் திறந்துவிடுகிறது, தண்ணீர் உள்ளே போகிற திசையில்.

கல்விக் கடன் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. 4 லட்சம் வரை அடமானம் கேட்கக் கூடாது என்பது விதி. விதியை மேனேஜரிடம் சொன்னால், "உங்களுக்கு எவ்வளவு நிலம் இருக்கு?" என்று பதில் வரும். எங்கள் மகாலிங்கசாமி கோயிலில் ஒரு கதை உண்டு. வரகுண பாண்டியன் கிழக்கு வாசல் வழியாக உள்ளே போனான், அவனைப் பிடித்த பிரம்மஹத்தி வாசலிலேயே நின்றுவிட்டது, சாமி அவனை வேறு வாசல் வழியாக வெளியே அனுப்பிவிட்டார். இன்றைக்கும் வந்த வழியே திரும்பக் கூடாது என்பார்கள். கடனும் பிரம்மஹத்தி மாதிரிதான், நாலு வருஷம் வாசலில் பொறுமையாகக் காத்திருக்கும். ஆனால் இதற்கு எல்லா வாசலும் தெரியும்.

நெல்லை எப்படி வாங்குகிறார்கள் என்று பாருங்கள். நேரடிக் கொள்முதல் நிலையத்தில் ஒரு பிடி நெல்லை அள்ளி ஈரமானியில் போடுகிறார்கள். 17 சதவீதத்துக்கு மேல் காட்டினால், "காயவெச்சு எடுத்துக்கிட்டு வாங்க" என்று சொல்லிவிடுகிறார்கள். விவசாயி தார்ச்சாலையில் நெல்லைக் கொட்டி, மழை மேகத்தையும் லாரியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு ராத்திரி முழுக்கக் காவல் இருக்கிறான். அவன் பொருளுக்கு அவ்வளவு தரப் பரிசோதனை. அவன் பிள்ளையை வாங்குகிற கல்லூரிக்கு?

2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் அந்த மூட்டையை அவிழ்த்துக் காட்டியது. 224 பொறியியல் கல்லூரிகளில் 353 பேர் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேரப் பேராசிரியர்களாகக் கணக்கில் இருந்தார்கள். ஒருவரே பத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகளில். கூடுவிட்டுக் கூடு பாய்ந்த சித்தர்கள்கூட ஒரு நேரத்தில் ஒரு கூட்டில்தான் இருந்தார்கள். எங்கள் ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் இத்தனை சிவத்தலம் இருந்தும், ஒரே நாளில் பத்து ஊரில் நின்று பத்துக் கரும்பலகையில் எழுதும் திருவிளையாடலை எந்தத் தலபுராணமும் பாடவில்லை. அதைப் பாடியது இணைப்பு அனுமதிக்கான ஆய்வறிக்கை. ஆய்வுக்கு வந்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டா வந்தார்கள்? ஒரே பெயர், ஒரே பிறந்த தேதி, பத்துக் கல்லூரி. நெல்லில் அரை சதவீத ஈரம் கூடினால் கண்டுபிடிக்கத் தெரிந்த அரசுக்கு, ஒரு முழு மனிதன் பத்தாகப் பெருகியதைக் கண்டுபிடிக்க ஓர் இயக்கம் வர வேண்டியிருந்தது. இணையத்தில் எல்லோர் கண் முன்னாலும் கிடந்த பட்டியலிலிருந்து எடுத்தார்கள் அவர்கள். பிறகு விசாரணைக் குழு, நோட்டீஸ், விளக்கம். அந்த வருஷம் அந்தக் கல்லூரிகளில் சேர்ந்த பிள்ளைகளுக்கு யாராவது ஒரு ரூபாய் திருப்பிக் கொடுத்தார்களா? அவர்களுக்குக் கணக்கு நடத்த வேண்டியவர், வேறு ஒன்பது கல்லூரியில் கணக்கு நடத்தாமல் இருந்தார்.

ஆளுக்கு இந்தக் கதி என்றால் பாடத்துக்கு என்ன கதி! பழைய பிராஞ்சுகள் வரிசையாகப் படுத்துவிட்டன. மெக்கானிக்கல் லேபில் லேத் மிஷின்மேல் சாக்குப் போர்த்தியிருக்கிறது. பக்கத்து அறைக் கதவில் நேற்று வரை இருந்த போர்டைக் கழற்றிவிட்டு 'ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்' என்று மாட்டியிருக்கிறார்கள். உள்ளே அதே நாற்காலி, அதே மின்விசிறி, அதே ஆசிரியர். ஒரு பாடப்பிரிவில் இத்தனை இடத்துக்கு மேல் கூடாது என்றிருந்த உச்சவரம்பை அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு 2024-25லிருந்து எடுத்துவிட்டது. அப்புறம் என்ன, கம்ப்யூட்டர் கால்வாயில் கரை உடைப்பு.

"சிவிலா? கொத்தனார் வேலைக்கா புள்ளைய படிக்க வெக்கிறீங்க?" என்கிறார் அதே 241 மாமா. எந்த ஊரில் இருந்துகொண்டு கேட்கிறார்! கல்லணை காவல் காக்கும் பூமி. எங்கள் தாலுகாவிலேயே அணைக்கரையில் ஆர்தர் காட்டன் 1836ல் கட்டிய கீழணை நிற்கிறது. கர்நாடகம் திறந்துவிட்ட தண்ணீர் கரைபுரண்டு வந்த 2018 ஆகஸ்டில், முக்கொம்பு மேலணையின் ஒன்பது மதகுகள் ஆற்றோடு போயின. அன்றைக்கு மணல் மூட்டை அடுக்கித்தான் தண்ணீரை மறித்தார்கள். மதகைப் பற்றி யோசிக்க ஆள் வேண்டாம், மதகு உடைவதை வீடியோ எடுக்கும் செயலி எழுத ஆள் வேண்டும் என்று டெல்டாவே முடிவுகட்டிவிட்டது. ஆடுதுறையில், பஸ் ஏறினால் கால் மணி நேரத் தூரத்தில், 1922ல் தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மாமா சாப்பிட்ட ஏ.டி.டி. ரகமெல்லாம் அங்கே பிறந்தவைதான். வேளாண்மை பி.எஸ்சி.க்கு விண்ணப்பம் போடலாமே என்று பையன் மெல்லச் சொன்னான். அப்பா ஒரு பார்வை பார்த்தார். சேற்றிலிருந்து அவனை ஏற்றிவிடத்தானே அவர் சேற்றில் நிற்கிறார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஐம்பத்தைந்து மூட்டைக்கு இவ்வளவு அலையவிட்டால், நிலத்தைப் பற்றிப் படிக்கப்போகிறேன் என்ற பிள்ளையை யார்தான் கொஞ்சுவார்கள்?

கும்பகோணம் பக்கத்துப் பள்ளி ஆண்டுவிழா எதுவும் ராமானுஜன் பெயரைச் சொல்லாமல் முடிந்ததில்லை. தலைமை விருந்தினர் பொன்னாடையைச் சரிசெய்துகொண்டு, "இந்த மண்ணில் வளர்ந்த மேதை" என்று தொடங்குவார். அந்த மண் அவரை என்ன செய்தது என்பதை மட்டும் சொல்லமாட்டார். 1904ல் டவுன் ஹைஸ்கூலில் கணக்குக்குப் பரிசு கொடுத்தார்கள். அடுத்து அரசுக் கல்லூரி. கணக்கைத் தவிர மற்றதில் கவனம் இல்லை, மார்க் இல்லை, உதவித்தொகையைப் பிடுங்கிக்கொண்டார்கள். பையன் யாரிடமும் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ஓடினான். பிறகு சென்னையில் பச்சையப்பன் கல்லூரி; அங்கேயும் எஃப்.ஏ. தேறவில்லை, கடைசிவரை தேறவேயில்லை. 1918ல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியபோது கையில் எஃப்.ஏ. சான்றிதழ் கிடையாது. அந்த மேதைப் பேச்சுக்கு மேடையில் கைதட்டிய தலைமை ஆசிரியர், மேடையிலிருந்து இறங்கியதும் கணக்கில் 84 வாங்கியவனைப் பார்த்து, "உன்னாலதான்டா ஸ்கூல் ஆவரேஜ் போச்சு" என்பார். எல்லோரும் ராமானுஜன் ஆக முடியாது, எனக்குத் தெரியும். யாரும் ராமானுஜன் ஆகாமல் பார்த்துக்கொள்ளும் வேலையை இவ்வளவு சுத்தமாகச் செய்ய வேண்டுமா என்றுதான் கேட்கிறேன்.

அந்தக் கல்லூரி இன்னும் காவிரிக் கரையில் இருக்கிறது. 1854ல் ஆரம்பித்தது. உ.வே. சாமிநாதையர் 1880ல் தமிழ் நடத்தச் சேர்ந்த கல்லூரி. அரசுக் கலைக் கல்லூரிகளுக்கு விண்ணப்பக் கட்டணம் 48 ரூபாய், பதிவுக்கு 2 ரூபாய். ஐம்பது ரூபாய்க்கு ராமானுஜன் உட்கார்ந்த கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் கேட்கலாம். "பி.எஸ்சி.யா?" என்று மாமா கேட்ட தொனியில், பையன் ஏதோ ஓடிப்போகத் திட்டம் போட்டதுபோல் இருந்தது.

மாமாவை மட்டும் அடித்து என்ன பயன். அவருக்கு அந்தத் தைரியத்தைக் கொடுத்தது கோட்டை. அரசுக் கலைக் கல்லூரி வகுப்பறைகளைத் தாங்கிக்கொண்டிருப்பவர்கள் கௌரவ விரிவுரையாளர்கள். முனைவர் பட்டம், நெட், செட் எல்லாம் முடித்துவிட்டு மாதம் 25,000 ரூபாய்க்கு நிற்கிறார்கள், அதுவும் வருஷத்துக்குப் பதினொரு மாதம். கௌரவம் முழு வருஷத்துக்கும் உண்டு, சம்பளத்துக்கு மட்டும் ஒரு மாதம் விடுமுறை. நிரந்தர உதவிப் பேராசிரியர் இடங்கள் நாலாயிரத்தை நிரப்பப்போவதாக 2024ல் அறிவித்தார்கள், ஆகஸ்டில் தேர்வு என்றார்கள், ஒத்திவைத்தார்கள். அதே 2024 செப்டம்பரில் உயர்கல்வித் துறையே எங்கள் தொகுதிக்கு வந்தது, திருவிடைமருதூர் எம்.எல்.ஏ. கோவி. செழியன் அமைச்சரானார். பட்டாசு வெடித்தோம். 2025 மார்ச் பட்ஜெட்டில் புதிய அரசு கலை, அறிவியல் கல்லூரிகள் பத்து அறிவித்தார்கள், அதில் திருவிடைமருதூரும் உண்டு. மறுபடி பட்டாசு. கல்லூரி வந்தது நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் ரிப்பன் வெட்ட ஒரு கத்தரிக்கோல் போதும், பாடம் நடத்த ஆள் வேண்டும். இருக்கிற கல்லூரியிலேயே ஆளைப் பதினொரு மாத வாடகைக்கு எடுப்பவர்கள், புதுக் கல்லூரிக்கு எங்கிருந்து கொண்டுவருவார்கள்? அதே 2025 ஏப்ரலில் கும்பகோணத்துக்கு ஒரு பல்கலைக்கழகமே வேண்டும் என்று சட்டசபையில் கலைஞர் பல்கலைக்கழக மசோதாவை நிறைவேற்றினார்கள். ஆளுநர் அதைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பிவிட்டார். எங்கள் பையன் செங்கிப்பட்டிக்கு நேர் பஸ் இல்லாமல் தஞ்சாவூரில் மாறி ஏற நிற்கிறான், மசோதா டெல்லி போய்ச் சேர்ந்துவிட்டது.

எதிர்வீட்டுப் பெண்ணைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரைக்குப் பாவம் பிடிக்கும். அவள் 521. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பெண்கள் பள்ளி. 2021லிருந்து பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசே ஏற்கிறது. மேற்கொண்டு புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய். அதாவது ஒரு மூட்டை நெல்கூட விற்காமல் அவள் நல்ல கல்லூரி ஒன்றில் இன்ஜினீயர் ஆகிவிடலாம். வீட்டில் கூடிப் பேசினார்கள். அண்ணன்கள், சித்தப்பாக்கள், ஓர் ஊராட்சிப் பிரமுகர். எந்தக் கல்லூரியில் பாடம் நன்றாக நடக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. "பஸ் வாசலுக்கு வருமா? ஆறு மணிக்குள்ள திரும்பிருமா?" அவ்வளவுதான் தேர்வு முறை. மார்க்கில் அவள் பையனைவிட ஏழு அதிகம். அவளுக்குக் கொடுத்த வரைபடத்தில் கும்பகோணத்துக்கு அப்பால் உலகம் முடிந்துவிடுகிறது. அரசு கொடுத்த சலுகையைத் தரகன் ஒரு பக்கம் தின்றான், மானம் மரியாதை இன்னொரு பக்கம் தின்றது. தரகனையாவது போலீஸில் சொல்லலாம்.

தம்பி, தங்கச்சி, இனி உங்களிடம் நேராகப் பேசுகிறேன், பெரியவர்கள் காப்பி குடிக்கட்டும். கவுன்சலிங்கில் விருப்பப் பட்டியலில் எத்தனை கல்லூரி வேண்டுமானாலும் போடலாம். பட்டியல் நீளமானால் அபராதம் கிடையாது. கிடைக்காது என்று நினைக்கும் நல்ல கல்லூரியை மேலே போடுவதால் கீழே உள்ளது கைவிட்டுப் போகாது. ஆசைப்படும் வரிசையில் போடு. ஒதுக்கீடு வந்ததும், ஏற்றுச் சேர்கிறேன் என்றும் சொல்லலாம், இதை வைத்துக்கொண்டு மேலே உள்ளதற்குக் காத்திருக்கிறேன் என்றும் சொல்லலாம். அண்ணா பல்கலைக்கழகம் கல்லூரிவாரியாகத் தேர்ச்சி விகிதம் வெளியிடுகிறது. அதைப் பார்த்துவிட்டு நீச்சல் குளத்தைப் பார். கல்லூரிக்கு நேரில் போனால் சேர்க்கை அலுவலகத்தில் உட்காராதே, ஏ.சி. போட்டுத் தூங்கவைப்பார்கள். பின்பக்கம் கேன்டீனுக்குப் போ. மூன்றாம் வருஷத்துப் பையனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து, போன செமஸ்டரில் எத்தனை வாத்தியார் நடுவில் வேலையை விட்டுப் போனார்கள், இருப்பவர்களுக்கு மாதச் சம்பளம் ஒழுங்காக வருகிறதா என்று கேள். ஒரு டீக்கு இவ்வளவு உண்மை வேறெங்கும் கிடைக்காது. வேலைவாய்ப்பு நூறு சதவீதம் என்பவரிடம் சம்பளத்தையும் ஊரையும் வேலையின் பெயரையும் எழுதிக் கேள். முதல் இரண்டைச் சொல்வதற்குள் அவருக்கு முக்கியமான போன் ஒன்று வரும். டி.டி.பி. சென்டரில் பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டு "அண்ணே, நீங்களே போட்டுருங்க" என்று சொல்லாதே. அந்த அண்ணன் போட்ட பட்டியலில் முதல் பெயர் யாருடையது என்று உனக்கு ஒதுக்கீடு வந்த பிறகுதான் தெரியும். உன் செல்லுக்கு வரும் ஓ.டி.பி. சில இலக்கம்தான், ஆனால் நாலு வருஷத்தின் சாவி அதுதான்.

மூன்று சுற்றும் முடிந்து, மாநிலம் முழுக்கப் பல்லாயிரம் நாற்காலிகள் காலியாகக் கிடக்கும் ஆகஸ்டு கடைசியில் ஒருநாள் உன் அம்மாவின் செல் மறுபடி அடிக்கும். அதே குரல், அதே உச்சுக்கொட்டல்.

"அக்கா, தம்பிக்குன்னு பிடிச்சி வெச்ச சீட்டு இன்னும் அப்படியே இருக்கு. நிறையப் பேர் கேக்குறாங்க. ஒண்ணே ஒண்ணுதான் மிச்சம், சாயந்திரத்துக்குள்ள சொல்லிருங்க."